மில்லுக்குள் விழும் வெயில்: பெரிய உட்புறத்தை எண்ணெய் வர்ணத்தில் கீறுவது பற்றி

கேள்வி, 2023 மே 14

மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலின் உட்புறத்தைக் கீற ஆசை. கன்வஸ் நான்கடிக்கு மூன்றடி. மேலிருந்து வெளிச்சம் கற்றை கற்றையாக இறங்க வேண்டும். இரண்டு தரம் முயன்று பார்த்தேன். கற்றைகள் எல்லாம் கொடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல இருக்கின்றன. எந்த வெள்ளை வாங்கினால் சரிவரும்?

மே 15

எந்த வெள்ளையும் சரிவராது. பிழை வெள்ளையில் இல்லை, அதற்குப் பின்னால் நீங்கள் வைத்திருக்கும் இருட்டில். அந்த இருட்டு போதாது.

ரியூபிலிருந்து வரும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் கிட்டத்தட்ட முப்பது மடங்கு இருந்தாலே பெரிய விஷயம். கூரை ஓட்டைக்குள்ளால் விழும் வெயிலுக்கும் மூலை இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. அதை வெள்ளையால் எட்டிப் பிடிக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் கீழே இறக்கினால்தான் அந்த ஒரு துண்டு வெள்ளை வெயிலாகத் தெரியும். உங்கள் சுவர், தூண், தரை மூன்றும் எவ்வளவு இருட்டு என்று ஒருக்கால் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அநேகமாக மூன்றும் சாம்பலாக இருக்கும்.

மே 15, இரவு

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்த பழக்கம், விடவில்லை.

நானும் மடுவுக்குக் கன்வஸ் கொண்டு போனவன்தான். வவுனியாவிலிருந்து மன்னார் பஸ்சில் ஏறி மடுச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டி. கன்வசை வெளியே பிடித்துக்கொண்டு போனதில் காற்றுக்கு அது பாய்மரம் ஆகிவிட்டது. ஒரு காலை முழுக்கக் கோயிலுக்குள் பின்னால் இருந்தேன். ஒரு கற்றைகூடக் காணவில்லை. வாசல் வெளிச்சம் தரையில் கிடந்தது, ஆட்களின் தோளில் பட்டது, அவ்வளவுதான். பூசையில் தூபம் காட்டினார்கள். அப்போதுதான் வெளிச்சத்துக்கு உடம்பு வந்தது. ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு போய்விட்டது.

கோயிலை விட்டுவிட்டு மில்லுக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

மே 20

எந்த மில் என்று கேட்டிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். கிளிநொச்சிப் பக்கம், அவியல் நெல் குத்துகிற மில். இருபத்தைந்தடி உயரக் கூரை, இரும்புச் சட்டம், நீளப்பாட்டுக்கு இரண்டு வரிசைத் தூண். தேவாலயத்துக்கு இருக்கவேண்டிய எல்லாம் இருக்கிறது, பீடம்தான் இல்லை. அந்த இடத்தில் நெல்லை மேலே ஏற்றும் வாளிப்பட்டி.

2010இல் ஊர் திரும்பியபோது கிடைத்த பழைய தகரங்களைப் பொறுக்கி அடித்த கூரை. பாதித் தகரத்தில் ஆணி ஓட்டை, மீதிப் பாதியில் ஷெல் துண்டு போன ஓட்டை. காலை எட்டரைக்கு உள்ளே நின்றால் நூற்றுக்கணக்கான வெயில் கோல்கள்.

கற்றைகளுக்குச் சின்ன விதி ஒன்று: வெயில் பதினைந்து கோடி கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வருகிறது, ஆகவே கற்றைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரம். மூலைமட்டத்தை வைத்து ஒரே சாய்வில் கீறுங்கள். யன்னலுக்கு யன்னல் விசிறிபோல விரிக்க வேண்டாம்.

மே 22

தூசி. இதைத்தான் முதலே சொல்லியிருக்க வேண்டும்.

முதல் நாள் மில்லுக்குப் போனபோது மெசின் ஓடவில்லை. உள்ளே தரை முழுக்க வெயில் பொட்டுகள், ஆனால் நடுவில் ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஏமாந்துபோய் நின்றேன். தவிடு கூட்டுகிற அக்கா ஒருவர் வந்து, "மாஸ்ரர், தள்ளி நில்லுங்கோ, கூட்டப் போறன்" என்றார். இரண்டு இழுவை இழுத்தார். அவ்வளவு கோலும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

பத்து நிமிடத்தில் தூசி படிந்து, கோல்களும் மங்கிப் போயின. நான் தயங்கித் தயங்கி இன்னொரு தரம் கூட்டச் சொல்லிக் கேட்டேன். "உங்கட படத்துக்காக ஒரு இடத்தை எத்தினை தரம் கூட்டுறது?" என்றார். ஆனாலும் கூட்டினார்.

நாம் காண்பது வெயிலை அல்ல, வெயில் பட்ட தூசியை. அந்தத் தூசி கற்றைக்குப் பின்னால் உள்ள பொருளை ஒரு மெல்லிய சல்லாத்துணிபோல மூடுகிறது. அதனால் கற்றைக்குள் அகப்பட்ட கறுப்புத் தூண் கறுப்பாக இராது, சாம்பலாகும். வெள்ளைச் சாக்கு அநேகமாக அப்படியே இருக்கும். கற்றை வெளிச்சமான யன்னலைக் கடக்கும் இடத்தில் காணாமலே போய்விடும். கேள்வி கேட்டவரின் வேட்டிகள் ஏன் வேட்டிகளாக இருந்தன என்றால், இருட்டின் மீதும் வெளிச்சத்தின் மீதும் ஒரே வெள்ளையை ஒரே தடிப்பில் இழுத்திருக்கிறார்.

ஜூன் 2

மே 20ஆம் திகதி நான் எழுதிய "சமாந்தர விதி" பாதிதான் சரி. ஒருவர் கண்ணியமாகவும் இன்னொருவர் கண்ணியமில்லாமலும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இருவருக்கும் நன்றி, இரண்டாமவருக்குக் கொஞ்சம் குறைவாக.

உலகத்தில் கற்றைகள் சமாந்தரம், சரி. கன்வசில் அப்படி இல்லை. மடு வீதி ரயில் நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டும் சமாந்தரம்தான், ஆனால் தூரத்தில் ஒன்றாகச் சேர்கின்றன. வெயிலும் அப்படித்தான். சூரியன் உங்களுக்கு முன்னால் இருந்தால் எல்லாக் கற்றைகளும் சூரியன் நிற்கும் இடத்திலிருந்து விரியும், அந்த இடம் கூரைக்கு மேலே மறைந்திருந்தாலும். சூரியன் முதுகுக்குப் பின்னால் என்றால் கண்மட்டத்துக்குக் கீழே, உங்கள் தலையின் நிழல் விழும் திசையில் போய்ச் சேரும். சூரியன் சரியாகப் பக்கவாட்டில் நின்றால் மட்டுமே மூலைமட்டம் உதவும்.

நான் ஒரு தரம் பக்கவாட்டில் நின்று கீறியிருக்கிறேன், அதை விதியாக்கி உங்களுக்கு விற்றுவிட்டேன்.

அந்தச் சேரும் புள்ளி அநேகமாகக் கன்வசுக்கு வெளியே, மேலே இருக்கும். கன்வசைச் சுவரில் சாத்தி, புள்ளி வரும் இடத்தில் சுவரில் ஓர் ஆணி அடித்து, மேசன்மார் நூல் கட்டுவதுபோல நூல் கட்டி இழுத்துக் குறிக்கலாம். ஹாலந்து ஓவியர் வெர்மீர் இதே வேலையைக் கன்வசுக்குள்ளேயே செய்திருக்கிறார். அவருடைய பல படங்களில் மறைபுள்ளி இருந்த இடத்தில் ஊசி குத்திய துளை இன்றும் இருக்கிறது. அவர் வீட்டுச் சுவர் தப்பியது. எங்கள் வீட்டுச் சுவரில் பதினொரு ஆணி. மனைவி எண்ணிச் சொன்ன கணக்கு.

ஜூன் 3

இன்னொன்று. சூரியன் இருக்கும் பக்கத்தை நோக்கி நில்லுங்கள். தூசி வெயிலை முன்பக்கமாகத்தான் கூடச் சிதறும். திரும்பி நின்றால் அதே கற்றை பாதிக்கு மேல் மங்கிவிடும். மில்லில் கிழக்குக் கதவடியில் நின்று இரண்டு காலைகளை வீணாக்கிய பிறகு தெரிந்தது.

ஜூன் 11

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. ஈரக் கன்வசைத் திண்ணையில் காயவைத்தேன். மாலையில் பார்த்தால் ஊரிலுள்ள செம்மண் எல்லாம் படத்தில். ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். கற்றைக்குள் ஒட்டியிருந்ததை மட்டும் விட்டுவிட்டேன். அது அதற்குரிய இடத்தில்தானே இருக்கிறது.

ஜூன் 18

வடக்கு வெளிச்சம் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். ஓவியரின் அறைக்கு வடக்கு யன்னல்தான் நல்லது, அங்கே வெயில் நேரே வராது, வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். நானும் நம்பி வடக்குச் சுவரை உடைத்து யன்னல் வைத்தேன். மேசனுக்குக் கூலி கொடுத்து.

இப்போது மதியம் பன்னிரண்டு மணி. வெயில் அந்த யன்னலுக்குள்ளால் வந்து என் நிறத்தட்டில் விழுந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகையும் சொச்சமும். ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்தாலும் மதியத்தில் ஐம்பத்தேழு பாகை உயரம். ஹாலந்தின் ஹார்லெம் நகரில் அதே டிசம்பர் மதியத்தில் பதினான்கு பாகைதான். அங்கே வெயில் யன்னலுக்குள்ளால் படுத்துக்கொண்டு வரும். இங்கே கூரையால் குதிக்கும். அவர்களின் படத்தைப் பார்த்துக் கற்றையின் சாய்வைப் பிரதி பண்ணி, அதை மடுவில் மதியம் என்று சொன்னால் மாடு மேய்க்கிற பொடியன்கூடச் சிரிப்பான்.

சாய்ந்த கற்றை வேண்டுமென்றால் காலை எட்டு முதல் ஒன்பது வரை, அல்லது மாலை நான்கு மணிக்குப் பிறகு. ஒரு மணித்தியாலத்தில் சூரியன் பதினைந்து பாகை நகரும், ஆகவே ஒரே இருப்பில் எல்லாக் கற்றைகளையும் பிடிக்க நினைக்காதீர்கள். ஒரு நேரத்தைத் தீர்மானித்துக் கடதாசியில் குறித்துவிடுங்கள். பிறகு வெயில் எங்கே போனாலும் குறிப்பை நம்புங்கள்.

ஜூன் 19

யன்னலுக்குப் படங்கு கட்டியாயிற்று.

ஜூலை 1

ஹாலந்து பற்றிச் சொன்னதற்குச் சிலருக்குக் கோபம். நான் அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பீற்றர் சான்ரெடாம் (1597–1665) தேவாலய உட்புறம் கீறுவதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர். இடத்துக்குப் போய் வரைந்து, அளவெடுத்து, வீட்டில் அளவுகோல் வைத்துத் திரும்ப வரைந்து, ஆறுதலாகத்தான் வர்ணம் தொடுவார். உத்ரெக்ட் நகரத்து பூர்கெர்க் தேவாலயத்தை 1636இல் வரைந்தார். லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கும் எண்ணெய் வர்ணப் படம் 1644ஆம் ஆண்டினது. எட்டு வருடம். மடுக் கோயிலை 1872இல் கட்டத் தொடங்கி 1944இல்தான் அபிஷேகம் பண்ணினார்கள். மூன்று மாதமாகப் படம் முடியவில்லை என்று முணுமுணுக்கும் தம்பி இந்த இரண்டு கணக்கையும் பார்க்கவும்.

சான்ரெடாமில் கற்றை தேடினால் கிடையாது. வெள்ளையடித்த சுவர், சீரான வெளிச்சம். அவை கால்வினிய, அதாவது புரட்டஸ்தாந்துத் தேவாலயங்கள், தூபம் காட்டுவதில்லை. புகை இல்லாத இடத்தில் கற்றை எங்கே வரும்? அவருக்குப் பின்வந்த எமானுவெல் த விற்றே வெயிலைத் துண்டு துண்டாகத் தூணிலும் தரையிலும் ஒட்டினார். காற்றில் தொங்கவிடவில்லை. இத்தாலிய ஓவியர் பானினி 1734 அளவில் கீறிய, ரோமாபுரியின் பழைய கோயிலான பந்தியோனின் உட்புறத்திலும் வெயில் சுவரில் விழுந்த வட்டமாகத்தான் இருக்கிறது. பானினி கள்ளன். ஓரிடத்தில் நின்று காணக்கூடியதைவிடக் கூடுதலாகக் கட்டடத்தைக் காட்டுவதற்குத் தூரநோக்கை வளைத்திருக்கிறார். நல்ல கள்ளன், நமக்கும் உதவும்.

கற்றையையே கீறியவர் வேண்டுமென்றால் டென்மார்க்கின் ஹாமர்ஷொய். 1900இல் கீறிய படம், வெயிலில் ஆடும் தூசி என்பதுதான் பெயரே. பெரிய மண்டபம்கூட இல்லை, ஒரு வெறும் அறை, ஒரு யன்னல், ஒரு கதவு. நிறம் சாம்பலும் பழுப்பும்தான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் என் மஞ்சள் ரியூபைப் பெட்டிக்குள் போட்டேன்.

ஜூலை 2

மடுவில் இன்று ஆடித் திருவிழா. பஸ்சுகள் எல்லாம் நிறைந்து போகின்றன. நான் போகவில்லை. மில்லும் பூட்டு.

ஜூலை 16

பூச்சு முறை கேட்டவர்களுக்கு, நான் செய்வது இது.

முதல் பூச்சு ரோ அம்பர் பழுப்பு, டர்பன்டைன் கலந்து தண்ணிபோல. இருட்டு முழுவதையும் அதிலேயே தீர்த்துவிடுவேன். அம்பரில் மங்கனீசு இருப்பதால் கெதியாகக் காயும். இருட்டு மெல்லியதாகவும் உள்ளே பார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும், வெளிச்சம் தடிப்பாக. மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும். கீழே எண்ணெய் கூடி மேலே குறைந்தால், மேற்பூச்சு இறுகிய பிறகும் கீழ்ப்பூச்சு அசைந்துகொண்டிருக்கும், வெடிப்பு வரும். ஐவரி கறுப்பு எண்ணெயும் கூடக் குடிக்கும், காயவும் நாள் எடுக்கும். அதைக் கீழ்ப்பூச்சில் தடிப்பாக வைக்கவேண்டாம்.

எல்லாம் காய்ந்த பிறகு கற்றை. டைட்டானியம் வெள்ளையில் கொஞ்சம் ஒக்கர் என்ற மண்மஞ்சள், ரியூபில் உள்ளதற்கு மேல் எண்ணெய் சேர்க்காமல். தூரிகையைத் துணியில் துடைத்து, துடைத்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும்போது கன்வசில் உரசுங்கள். இருட்டின் மேல் மெல்லிதாகப் படும் வெள்ளை நீலமாகத் தெரியும், அடுப்புப் புகை கரிச்சுவருக்கு முன்னால் நீலமாகத் தெரிவதுபோல. அதனால்தான் ஒக்கர். சேர்க்காவிட்டால் காலை வெயில் நிலவாகிவிடும். எனக்கு ஆகியிருக்கிறது.

சிங்க் வெள்ளை வேண்டாம். மெல்லிதாக, கண்ணாடிபோல வருகிறது என்று ஆசைப்பட்டு 2016இல் ஒரு படம் முழுக்கப் பாவித்தேன். இப்போது அந்தக் கற்றைகளில் குளம் வற்றிய சேறுபோல வெடிப்பு. வருடம் போகப் போக அது முறுகும்.

ஜூலை 17

"ஐவரி கறுப்பு வேண்டாம் என்கிறார் மாஸ்ரர்" என்று யாரோ எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லையே. கீழ்ப்பூச்சில் தடிப்பாக வேண்டாம் என்றேன். கறுப்பும் ஒக்கரும் கலந்தால் வரும் பச்சை சாயல் சாம்பல், தவிட்டுத் தூசிக்கு அதைவிட நல்ல நிறம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூலை 30

படத்தை மில் முதலாளிக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "என்ன மாஸ்ரர், மெசின் ஒண்டையும் காணேல்லை. புகையைக் கீறவோ வந்தனீங்கள்?" என்றார்.

நியாயமான கேள்வி. வாளிப்பட்டியை இருட்டுக்குள் அவ்வளவு தூரம் தள்ளிவிட்டிருந்தேன். அதன் ஓர் இரும்பு விளிம்பில் மட்டும் வெளிச்சம் வைத்தேன், இரண்டு அங்குலம் வரும். அடுத்த நாள் வந்து பார்த்து, "இப்ப சரி" என்றார். பெரிய உட்புறம் பெரிதாகத் தெரிய, தெரிந்த அளவுள்ள ஒரு பொருள் வேண்டும். சாக்கு, ஏணி, ஆள். அந்த அக்காவைக் கீழ் மூலையில் விளக்குமாறோடு வைத்திருக்கிறேன், ஒரு விரல் உயரம்தான். கூரை உடனே இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 6

யாராவது கவனித்தீர்களா, தகரத்தில் ஓட்டை எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழும் பொட்டு வட்டமாகத்தான் இருக்கிறது. ஷெல் துண்டு கிழித்த ஓட்டை நட்சத்திரம்போல, பல்லுப் பல்லாக இருக்கும். கீழே விழுவதோ வட்டம், சாய்ந்து விழுந்தால் முட்டை வடிவம். ஓட்டை சின்னது, தூரம் கூட. அப்போது விழுவது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் படம். சூரியன் அரைப் பாகை அகலம், ஆகவே மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் விரியும். ஏழு மீற்றர் கீழே ஏழு சென்ரிமீற்றர் பொட்டு. கற்றையின் ஓரமும் அப்படித்தான், ஓட்டைக்குப் பக்கத்தில் கூர், கீழே வர வர மெதுமை. முதல் படத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கூரில் வெட்டியிருந்தேன், கம்பிபோல இருந்தது.

2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம் நம் பக்கம் தெரிந்த நாள். காலை ஒன்பதரை தாண்டி மில்லுக்குள் நின்றேன். மேகம் கொஞ்சம் விலகியபோது தரையில் இருந்த அவ்வளவு பொட்டும் வளையம் ஆகின. சாக்கின் மேல் வளையம், மெசின் மேல் வளையம், என் சட்டையில் வளையம். கண்ணாடி இல்லாமல் வெளியே வானத்தைப் பார்க்கப் பயந்து நின்ற பொடியளை உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். அந்த நாளைக் கீறச் சொல்லிக் கேட்பார்கள். கீறினால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஆகஸ்ட் 13

நாளை மறுநாள் மடு ஆவணித் திருவிழா, இந்தமுறை போகிறேன். கேள்வி கேட்டவரும் வருகிறாராம். கன்வஸ் வேண்டாம், சின்னக் கொப்பியும் பென்சிலும் போதும் என்று சொல்லியிருக்கிறேன். கும்பிட வந்தவர்களுக்கு முன்னால் முக்காலி போட்டுக் குந்துவது முறையில்லை. திரும்பும்போது பொழுதுபட விடவேண்டாம், காட்டுப் பாதையில் யானை.

ஆகஸ்ட் 17

கூட்டம் வாசல் வரை. அவ்வளவு சனத்தின் மூச்சும் மெழுகுதிரிப் புகையும் சேர்ந்து, தூபம் இல்லாமலே வெளிச்சம் கொஞ்சம் பால்போல நின்றது. மே மாதத்தில் "ஒரு கற்றைகூட இல்லை" என்று எழுதினேன். கற்றை இப்போதும் இல்லை, ஆனால் தூரத்துத் தூண்கள் கிட்டத்துத் தூண்களைவிட வெளிறியிருந்தன. கேள்வி கேட்டவருக்கு அதைக் காட்டினேன். கோல் கோலாகக் கீறாமல், தூரத்து இருட்டை மட்டும் ஒரு படி உயர்த்தினால் மடு மடுவாக இருக்கும். அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மேற்கூரையில் இன்னொரு விஷயம். நிழல் பக்கம் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கீழே நீலம், மேலே பழுப்புச் சூடு. வானத்து வெளிச்சம் யன்னலால் இறங்கித் தரையில் படுகிறது. முற்றத்து மணலில் பட்ட வெயில் எகிறி மேலே போகிறது. வீட்டுக்கு வந்து மில் படத்திலும் கூரைச் சட்டத்தின் அடியில் கொஞ்சம் பேர்ண்ற் சியன்னா செம்பழுப்பு வைத்தேன்.

ஆகஸ்ட் 30

சூரியன் உச்சந்தலையில். பன்னிரண்டே காலுக்கு மில்லில் கோல்கள் எல்லாம் செங்குத்து, மழைபோல. அழகுதான், ஆனால் படத்துக்கு வேலைக்காகாது. பார்த்துவிட்டு வந்தேன்.

செப்டெம்பர் 9

கேள்வி கேட்டவர் மூன்றாவது முயற்சியைப் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். வேட்டி இல்லை. இடது கீழ் மூலை இன்னும் இறங்க வேண்டும். போன் கமரா இருட்டைத் தானாகத் தூக்கிக் காட்டும் என்பதால் நேரில் பார்த்தால்தான் சரியாகச் சொல்லலாம்.

மில் முதலாளி வரும் கிழமை புதுத் தகரம் அடிக்கிறார். மழைக்கு முன் முடிக்க வேண்டுமாம், போன மாரியில் நாற்பது மூட்டை நனைந்ததாம். எனக்கு வலது பக்கம் இரண்டு கோல்கள் மிச்சம் இருக்கின்றன. நாளை எட்டரைக்குப் போகிறேன். கூட்டச் சொல்லிக் கேட்பதற்கு அக்காவுக்கு ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.